விண்டோஸ் 98 கணினி வீட்டு ரூட்டரோடு பேச மறுத்தால்: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

அப்பா ஊரில் நடத்திய டி.டி.பி. சென்டரின் கடைசிக் கணினி இப்போது என் வீட்டில் இருக்கிறது. பென்டியம் 3, 128 எம்.பி. ரேம், விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 6.5. கல்யாணப் பத்திரிகைகள், கோயில் கொடை நோட்டீஸ்கள், கண்ணீர் அஞ்சலிகள் என்று ஊரின் பல வருடங்கள் அதன் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கின்றன.

டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி நகல் எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அந்த நகலை எல்லாவற்றுக்கும் முன்பு எடுத்துவிடுங்கள். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய டிஸ்க் எந்தக் காலையிலும் எழாமல் போகலாம். ஆனால் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க பேஜ்மேக்கர் வேண்டும், அதில் பயன்படுத்திய எழுத்துரு வேண்டும், இரண்டும் ஓடுகிற கணினி வேண்டும். ஆகவே கணினி உயிரோடு இருந்து, கோப்புகளை இந்தப் பக்கம் அனுப்ப வேண்டியிருக்கிறது.

பல வார இறுதிகளை இதற்குச் செலவிட்ட பிறகு எனக்குத் தெளிவானது இதுதான். பழைய கணினியில் பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. 1999-இல் பேசிய மொழியிலேயே அது இன்றும் பேசுகிறது. புதிய கருவிகள் பாதுகாப்புக்காக அந்த மொழியை ஒவ்வொன்றாக விட்டுவிட்டன. இந்த ஒரு கணினிக்காக வீட்டு ரூட்டரையும் புதிய லேப்டாப்பையும் பழைய காலத்துக்கு இறக்கக் கூடாது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை நடுவில் உட்கார வைக்க வேண்டும். என் வீட்டில் அந்த வேலையை ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி செய்கிறது. லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பும் போதும். கீழே ‘நடுக்கணினி’ என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. கேபிள், நெட்வொர்க் கார்டு, முகவரி, கோப்பு என்று கீழிருந்து மேலே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் 98 ஏறக்குறைய ஒவ்வொரு நெட்வொர்க் மாற்றத்துக்கும் மறுதொடக்கம் கேட்கும். நாலாவது மறுதொடக்கத்தில் எதை மாற்றினோம் என்பது கண்டிப்பாக மறந்துவிடும்.

கேபிள் செருகியும் விளக்கு எரியவில்லை

கார்டின் பின்பக்கமும் ரூட்டரின் துளையருகிலும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். மிகப் பழைய சில கார்டுகளில் விளக்கே கிடையாது. அப்போது ரூட்டர் பக்கம் மட்டும் பார்த்தால் போதும். விளக்கு எரியாதவரை விண்டோஸுக்குள் போய் எதையும் தொடாதீர்கள்.

பலரும் முதலில் கேபிளைச் சந்தேகிப்பார்கள். அப்பா காலத்து ‘கிராஸ் கேபிள்’ ஒன்று அலமாரியில் கிடந்து, அதைச் செருகிவிட்டோமோ என்ற கவலையும் வரும். இன்றைய ரூட்டரும் ஸ்விட்சும் எந்தக் கம்பியில் அனுப்புவது, எதில் வாங்குவது என்பதைத் தாமே மாற்றிக்கொள்ளும். ஆகவே நேர் கேபிளானாலும் கிராஸ் கேபிளானாலும் வேலை செய்யும். இரண்டு முனையிலும் பழைய கருவி இருந்தால் மட்டுமே அந்த வித்தியாசம் முக்கியம். 10 மெகாபிட், 100 மெகாபிட் கார்டுகள் எட்டுக் கம்பிகளில் 1, 2, 3, 6 ஆகிய நான்கை மட்டும் பயன்படுத்துகின்றன. கிளிப் உடைந்து தளர்ந்த முனைதான் பெரும்பாலும் குற்றவாளி, அதை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது கார்டு. எனக்கு இரண்டு மாலைகளைத் தின்றது இதுதான். என் கணினியில் முதலில் இருந்தது, ஐஎஸ்ஏ என்ற பழைய வகைத் தாய்ப்பலகைத் துளையில் மாட்டும் ‘காம்போ’ கார்டு. டிவி கேபிள் போன்ற வட்டத் துளை ஒன்று, இன்று நாம் பார்க்கும் சதுரத் துளை ஒன்று, இரண்டும் அதில் இருந்தன. வட்டத் துளை பழைய கோஆக்ஸியல் நெட்வொர்க்குக்கானது. இப்படிப்பட்ட கார்டுகளில் எந்தத் துளை வேலை செய்ய வேண்டும் என்பதை ஜம்பர் மூலமோ, கார்டோடு வந்த டாஸ் அமைப்பு நிரல் மூலமோ முடிவு செய்திருப்பார்கள். என்னுடையது வட்டத் துளைக்கு அமைக்கப்பட்டிருந்தது. நான் நான்கு கேபிள்களை மாற்றிக்கொண்டிருந்தேன். கார்டைக் கழற்றி ஜம்பரின் பக்கத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்து, ஒரு சின்னத் தொப்பியை நகர்த்தியதும் விளக்கு எரிந்தது.

மூன்றாவது காரணம் ரூட்டர் பக்கம். புதிய ரூட்டர்களில் 2.5 கிகாபிட் துளைகள் வருகின்றன. அவற்றில் பல 100 மெகாபிட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. 10 மெகாபிட் கார்டைச் செருகினால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. ரூட்டரில் சாதாரண கிகாபிட் துளை இருந்தால் அதில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் 10 மெகாபிட்டையும் ஏற்கும். இல்லாவிட்டால் ஐந்து துளை கொண்ட சாதாரண 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்றை நடுவில் வையுங்கள். சில நூறு ரூபாய்தான். இந்த வேலை முழுவதிலும் பயனுள்ள செலவு இதுவே என்பேன்.

வட்டத் துளை மட்டும் உள்ள கார்டு என்றால் அதோடு போராடாதீர்கள். கணினியில் ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த பிசிஐ துளை இருந்தால், ரியல்டெக் 8139 சிப் போட்ட பழைய கார்டு ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய உதிரிபாகம் விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் அசெம்பிள் செய்த கணினிகளில் அதிகம் இருந்த சிப் அது. டிரைவர் கிடைப்பதும் எளிது.

விளக்கு எரிகிறது, விண்டோஸுக்குக் கார்டு தெரியவில்லை

டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் டிரைவர் இல்லை, அல்லது வேறு கருவியோடு மோதல்.

டிரைவரை இணையத்திலிருந்து புதிய கணினியில் இறக்குவது எளிது, பழைய கணினிக்குக் கொண்டுபோவதுதான் கடினம். பென்டிரைவைச் செருகினால் விண்டோஸ் 98 டிரைவர் வட்டைக் கேட்கும், ஏனென்றால் பென்டிரைவுகளுக்கான பொதுவான டிரைவர் அதில் கிடையாது. ஃப்ளாப்பி டிரைவ் இரண்டு பக்கமும் இருந்தால் நல்லது. பெரும்பாலான கார்டு டிரைவர்கள் 1.44 எம்.பி.க்குள் அடங்கும். இல்லையென்றால் ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சிடியில் குறைந்த வேகத்தில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப எழுதும் வகை சிடியைப் பழைய டிரைவ்கள் பல படிக்காது.

டிரைவரை நிறுவும்போது பாதியில் ‘விண்டோஸ் 98 சிடியைச் செருகு’ என்று கேட்கும். சிடி தொலைந்திருக்கலாம். பதறாதீர்கள். அந்தக் காலத்தில் கணினியை அமைத்துக் கொடுத்தவர்கள் பலரும் சிடியில் உள்ள வின்98 என்ற கோப்புறையை டிஸ்க்கிலேயே நகலெடுத்து வைப்பார்கள். அதைத் தேடிக் கண்டுபிடித்து அந்த இடத்தைக் காட்டினால் போதும்.

மோதல் என்றால், அது பெரும்பாலும் ஐஎஸ்ஏ கார்டாக இருக்கும். என்இ2000 வகைக் கார்டுகள் பல ஐஆர்க்யூ 3-ஐ (ஒரு கருவி புராசசரை அழைக்கப் பயன்படுத்தும் எண்) எடுத்துக்கொள்ளும். அது இரண்டாவது காம் போர்ட்டின் எண். 5-க்கு மாற்றினால் சவுண்ட் கார்டு அங்கே இருக்கும். 10 பெரும்பாலும் காலியாக இருக்கும், அதைக் கொடுங்கள். பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், இரண்டாவது காம் போர்ட்டை அணைத்துவிட்டாலும் 3 விடுபடும். பிசிஐ கார்டில் மோதல் வந்தால் கார்டைக் கழற்றி வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். ஆச்சரியமான அளவுக்கு இது வேலை செய்யும்.

முகவரி 169.254 என்று தொடங்குகிறது

ரூட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காதபோது விண்டோஸ் 98 தானாக வைத்துக்கொள்ளும் முகவரி இது. கேட்ட குரல் ரூட்டருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது ரூட்டர் பதில் தர மறுக்கிறது.

ஆனால் அதற்கு முன் சரியான இடத்தைத்தான் பார்க்கிறீர்களா என்று உறுதி செய்யுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரன் போய், வின், ஐபி, சிஎஃப்ஜி மூன்றையும் ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டினால் ஒரு சின்னச் சாளரம் திறக்கும். அதன் மேற்பகுதியில் உள்ள பட்டியலில் முதலில் நிற்பது பெரும்பாலும் பிபிபி அடாப்டர், அதாவது தொலைபேசி வழி டயல்அப் இணைப்பு. அங்கே எல்லாம் பூச்சியமாக இருப்பதைப் பார்த்து நெட்வொர்க்கே இல்லை என்று நினைத்துவிடுவோம். பட்டியலைத் திறந்து உங்கள் கார்டின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் முகவரியை விடுவித்து, புதிதாகக் கேட்கும் பொத்தானை அழுத்துங்கள்.

அதிலும் 169.254 தான் என்றால் ரூட்டரில் தெரியாத கருவிகளைத் தடுக்கும் அமைப்பு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முகவரியைக் கையால் கொடுத்துவிடுங்கள். ரூட்டர் 192.168.1.1 என்றால், அது தானாக வழங்கும் எண்களுக்கு வெளியே 192.168.1.200 போல ஒன்று, மாஸ்க் 255.255.255.0. எப்படியும் நான் கையால் கொடுப்பதையே விரும்புகிறேன். பின்னால் ரூட்டரில் இந்த முகவரிக்கு மட்டும் தனி விதி போட வேண்டியிருக்கும், அப்போது எண் மாறாமல் இருப்பது நல்லது.

இங்கே ஒரு பொறி உண்டு. தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைக்கான பகுதியில் ‘முடக்கு’ என்ற தேர்வு இருக்கும். முகவரியை ரூட்டரிடம் வாங்கும்போது அதை முடக்கிய நிலையிலேயே விட வேண்டும், அப்போதுதான் டிஎன்எஸ் விவரமும் ரூட்டரிடமிருந்தே வரும். முகவரியைக் கையால் கொடுத்தால் டிஎன்எஸ்ஸை இயக்கி, ரூட்டரின் எண்ணைச் சேர்க்க வேண்டும். கணினிக்கு ஒரு பெயரும் அதே பகுதியில் கொடுக்க வேண்டும், காலியாக விட்டால் ஏற்றுக்கொள்ளாது.

முடிந்ததும் ரூட்டரை பிங் செய்து பாருங்கள், அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். புதிய விண்டோஸ் கணினியை பிங் செய்து பார்க்காதீர்கள். அதன் ஃபயர்வால் வழக்கமாக பிங்குக்குப் பதில் சொல்லாது, இல்லாத கோளாறைத் தேடி ஒரு மணி நேரம் போய்விடும்.

பிங் நன்றாகப் போகிறது, கோப்பு ஆமை வேகத்தில் நகர்கிறது

முதலில் எது நியாயமான வேகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 10 மெகாபிட் கார்டு விநாடிக்கு ஒரு எம்.பி. கொடுத்தால் அது தன் முழுத் திறனையும் கொடுக்கிறது என்று பொருள். ஒரு சிடி அளவு, 650 எம்.பி., அனுப்பப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். 100 மெகாபிட் கார்டு கணக்குப்படி 12.5 எம்.பி. தர வேண்டும், ஆனால் பழைய டிஸ்க்கும் புராசசரும் அதற்கு வெகு முன்பே மூச்சு வாங்கும்.

இதைவிட மிகக் குறைவாக, விநாடிக்குச் சில கே.பி. என்று வந்தால், டூப்ளெக்ஸ் பொருந்தாமை என்பதை நான் முதலில் சந்தேகிப்பேன். யாரோ ஒருவர் கார்டின் அமைப்பில் ‘100, முழு டூப்ளெக்ஸ்’ என்று கட்டாயமாக வைத்திருப்பார். ஸ்விட்ச் தானாகப் பேசித் தீர்மானிக்கப் பார்க்கும், கார்டு பேசாது. அப்போது ஸ்விட்ச் விதிப்படி அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று நினைக்கும், இன்னொரு பக்கம் ஒருவர் மாற்றி ஒருவர்தான் பேச வேண்டும் என்று நினைக்கும். பிங் போன்ற சின்னச் சின்னப் பேச்சில் இது தெரியாது. பெரிய கோப்பு போகும்போதுதான் மோதல் மேல் மோதலாக வரும். கார்டைத் தானியங்கி நிலைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத கார்டு என்றால் அரை டூப்ளெக்ஸில் வையுங்கள், இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்.

வைஃபையில் சேர முடியவில்லை

சேர்க்க முயல வேண்டாம். அந்தக் காலத்து வைஃபை கார்டுகளுக்குத் தெரிந்த பூட்டு ‘வெப்’ என்ற பழைய குறியாக்க முறை. அதை உடைக்கலாம் என்று 2001-லேயே காட்டிவிட்டார்கள். இந்தக் கணினிக்காக வீட்டு வைஃபையை வெப்புக்கு இறக்கினால் பக்கத்து வீட்டில் இருப்பவர் யாரும் உள்ளே வரலாம். கேபிள் இழுக்க முடியாத இடம் என்றால், கையடக்க வைஃபை ரூட்டர் ஒன்றை வாங்கிக் கணினிக்குப் பக்கத்தில் வைத்து, அதிலிருந்து ஒரு கேபிளைக் கார்டில் செருகுங்கள். வைஃபை பேச்சை அது பார்த்துக்கொள்ளும், பழைய கணினிக்கு அது வெறும் கேபிள்தான். அந்தக் குட்டிக் கருவியை ‘பிரிட்ஜ்’ அல்லது ‘கிளையன்ட்’ நிலையில் வையுங்கள். ‘ரூட்டர்’ நிலையில் வைத்தால் பழைய கணினி தனி வலையமைப்பில் மாட்டிக்கொள்ளும், கீழே சொல்லும் பல வேலைகள் அதனால் நின்றுவிடும்.

நெட்வொர்க் நெய்பர்ஹுட் காலியாக இருக்கிறது, அல்லது ‘ஐபிசி டாலர்’ பாஸ்வேர்டு கேட்கிறது

அதிகம் பேர் மனம் தளர்வது இங்கேதான். காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன்.

விண்டோஸ் 98 கோப்புகளைப் பகிரும் முறைக்குப் பெயர் எஸ்எம்பி, அதன் முதல் பதிப்பு. 2017 மே மாதம் பரவிய வானாகிரை புழு இந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அதே வருடம் அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1-இன் சர்வர் பகுதி சேர்க்கப்படுவதில்லை. லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் சம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து வழக்கமாக எஸ்எம்பி2-க்குக் கீழே பேசுவதில்லை. நெய்பர்ஹுட் பட்டியலும் பழைய முறையையே நம்பியிருப்பதால், புதிய கணினிகள் அதில் தெரியாதது இயல்பு.

புதிய விண்டோஸில் எஸ்எம்பி1-ஐ மறுபடி இயக்கும் வசதி இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கும் குழந்தைகளின் படங்களும் இருக்கும் கணினி அது. நடுக்கணினியில் உள்ள சம்பாவில் மட்டும் குறைந்தபட்ச நெறிமுறையை ‘என்டி1’ (சம்பாவில் எஸ்எம்பி1-க்கான பெயர்) என்று வைத்து, லேன்மேன் என்ற பழைய பாஸ்வேர்டு சரிபார்ப்பையும் அனுமதியுங்கள். அதன் ஃபயர்வாலில் இந்தப் பழைய சேவையைப் பழைய கணினியின் முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். லேன்மேனை அனுமதித்த பிறகு சம்பா பாஸ்வேர்டை மறுபடி ஒருமுறை அமைக்க வேண்டும். முன்பு அமைத்தபோது பழைய முறைக்கான பதிவு சேமிக்கப்பட்டிருக்காது, அதனால் சரியான பாஸ்வேர்டையே தவறு என்று சொல்லும். பாஸ்வேர்டு 14 எழுத்துக்குள் இருக்கட்டும், பகிரும் கோப்புறையின் பெயர் 12 எழுத்துக்குள் இருக்கட்டும்.

இனி அந்த ‘ஐபிசி டாலர்’ சாளரம். எந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் மறுக்கும், பயனர் பெயரைக் கேட்கவே கேட்காது. ஏனென்றால் விண்டோஸ் 98 தொடங்கும்போது நீங்கள் கொடுத்த பெயரையே அது அனுப்புகிறது. அந்தப் பெயரில் நடுக்கணினியில் பயனர் யாரும் இல்லை, அதுதான் பிரச்சினை. பாஸ்வேர்டை யூகிப்பதை நிறுத்துங்கள். லாக் ஆஃப் செய்து, நடுக்கணினியில் இருக்கும் அதே பெயரில் நுழையுங்கள். தொடக்கத்தில் வரும் பெயர்ச் சாளரத்தை எஸ்கேப் அழுத்தித் தாண்டிவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருந்தது. அப்படித் தாண்டினால் கணினி ஓடும், ஆனால் நெட்வொர்க்கைப் பொறுத்தவரை நீங்கள் உள்ளே வரவே இல்லை.

பெயர் சரியானதும், நெய்பர்ஹுட் காலியாகவே இருந்தாலும், ரன் சாளரத்தில் இரண்டு பின்சாய்கோடு, நடுக்கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, கோப்புறையின் பெயர் என்று நேரடியாகத் தட்டிப் பாருங்கள். திறந்தால் வேலை முடிந்தது, பட்டியலில் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

சரி, இத்தனையும் எதற்கு என்று தோன்றினால் உங்களோடு நான் உடன்படுகிறேன். சில மாதங்கள் சம்பாவோடு இருந்துவிட்டு, கோப்பு அனுப்பும் பழைய முறையான எஃப்டிபிக்கு நான் மாறினேன். விண்டோஸ் 98-இல் எஃப்டிபி நிரல் கூடவே வருகிறது, நடுக்கணினியில் விஎஸ்எஃப்டிபிடி என்ற சர்வர் சில நிமிடங்களில் அமைந்துவிடும். பெயர் எது, பாஸ்வேர்டு எது என்று அது வெளிப்படையாகக் கேட்கும்.

எஃப்டிபி உள்ளே விடுகிறது, பட்டியல் கேட்டால் உறைந்து நிற்கிறது

விண்டோஸ் 98-இன் எஃப்டிபி நிரலுக்கு ‘ஆக்டிவ்’ முறை மட்டுமே தெரியும். கட்டளைகளை நாம் அனுப்புவோம், கோப்பும் பட்டியலும் வருவதற்கு சர்வர் நம் கணினியை நோக்கித் தானே ஒரு புதிய இணைப்பைத் தொடங்கும். அந்த இணைப்பு வழியில் தடுக்கப்பட்டால் இப்படி நிற்கும். பழைய கணினியில் அந்தக் காலத்து ஃபயர்வால் மென்பொருள் இருந்தால் எடுத்துவிடுங்கள். வைஃபை பெட்டி ‘ரூட்டர்’ நிலையில் இருந்தாலும் இதேதான் நடக்கும்.

பட்டியல் வருகிறது, அனுப்பினால் 550 என்று எண் காட்டி மறுக்கிறது என்றால், எழுத அனுமதி இல்லை. விஎஸ்எஃப்டிபிடியில் எழுதும் அனுமதி வழக்கமாக மூடியிருக்கும். அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரியைத் திறந்துவிட்டு சர்வரை மறுபடி தொடங்குங்கள்.

கோப்பு வந்துவிட்டது, திறக்க மறுக்கிறது

அனுப்பும் முன் ‘பைனரி’ என்று தட்ட மறந்திருப்பீர்கள். அந்த எஃப்டிபி நிரல் எல்லாக் கோப்பையும் வெறும் உரையாக நினைத்துத் தொடங்குகிறது. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகும்போது, சர்வரின் அமைப்பைப் பொறுத்து, வரி முடிவுக் குறிகள் மாற்றி எழுதப்படலாம். உரைக்கு அது உதவி. பேஜ்மேக்கர் கோப்புக்கும் படத்துக்கும் அது நாசம், நடு நடுவே ஒரு பைட் காணாமல் போயிருக்கும். அப்படி வந்த கோப்பைச் சரி செய்ய முயலாதீர்கள், மறுபடி அனுப்புங்கள்.

ஒரு வருடத்துக் கோப்புறையை மொத்தமாக சிப் செய்து அனுப்புவது என் வழக்கம். இந்த நிரல் உள்கோப்புறைகளுக்குள் தானாக இறங்காது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், சிப் கோப்புக்குள் ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண் இருக்கிறது. வந்து சேர்ந்ததும் சோதனைக் கட்டளை கொடுத்தால், வழியில் எது கெட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இணையப் பக்கம் எதுவும் திறக்கவில்லை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் நிற்கும், சான்றிதழ்கள் எல்லாம் செல்லாது என்று சொல்லும். தேதியைச் சரி செய்தாலும் பெரும்பாலான தளங்கள் திறக்காது. இன்றைய தளங்கள் டிஎல்எஸ் என்ற குறியாக்க முறையின் 1.2 அல்லது 1.3 பதிப்பைக் கேட்கின்றன, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்கு டிஎல்எஸ் 1.0 வரைதான் தெரியும். நடுக்கணினியில் வெப்ஒன் போன்ற ப்ராக்ஸியை ஓட்டினால் அது புதிய மொழியில் வாங்கிப் பழைய மொழியில் கொடுக்கும். எளிய பக்கங்களைப் படிக்கலாம். பாஸ்வேர்டு கேட்கும் எந்தத் தளத்துக்கும் இந்த வழியில் போகாதீர்கள்.

நான் அதையும் விட்டுவிட்டேன். விண்டோஸ் 98-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2006 ஜூலையோடு நின்றுவிட்டன. என் ரூட்டரில் அந்த முகவரிக்கு வெளி இணையத்தை மூடி வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் மட்டும் பேசினால் போதும்.

கோப்பு நல்லபடியாக வந்தது, தமிழ் தெரியவில்லை

இது நெட்வொர்க் கோளாறு அல்ல. ஆனால் நம் ஊர்க் கணினியை இணைக்கிற எவரும் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். விண்டோஸில் தமிழ் யூனிகோடு விண்டோஸ் 2000-இல்தான் வந்தது. அதற்கு முன் எல்லாமே எழுத்துருவை நம்பிய தமிழ். எழுத்துரு இல்லாமல் போனால் எழுத்தும் இல்லை.

திரையில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். சாதாரண ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் நின்றால் பாமினி போன்ற எழுத்துரு முறை. ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று தெரிந்தால் அது ‘தமிழ்’ என்ற சொல். மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம், அல்லது 1999 சென்னை தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் வகைகளாக இருக்கலாம். அச்சுத் தொழிலில் எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும் தனித்தனி அமைப்பு வைத்திருந்ததும் உண்டு. ஆகவே பழைய கணினியிலேயே கோப்பைத் திறந்து எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், ஃபான்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து அனுப்புங்கள். முறை தெரிந்துவிட்டால் என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் யூனிகோடுக்கு மாற்றித் தரும்.

கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறிகள் வரிசையாகத் தெரிந்தால் கோப்பைச் சேமிக்காமல் மூடுங்கள். பழைய பைட்டுகளைப் புதிய எடிட்டர் யூனிகோடு என்று தவறாக நினைத்திருக்கிறது. அந்த நிலையில் சேமித்தால் மூல எழுத்துகள் அழிந்து கேள்விக்குறிகள் மட்டுமே மிஞ்சும்.

பத்திரிகையின் தோற்றமும் வேண்டும் என்றால், பழைய கணினியில் ஆப்பிள் லேசர்ரைட்டர் பிரிண்டரைச் சேர்த்து, போர்ட்டை ‘ஃபைல்’ என்று வையுங்கள். அந்த டிரைவர் விண்டோஸ் 98-லேயே இருக்கிறது, பிரிண்டர் தேவையில்லை. பேஜ்மேக்கரிலிருந்து எழுத்துருவையும் சேர்த்து எழுதும்படி அச்சிட்டால் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு கிடைக்கும். நடுக்கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் அதைப் பிடிஎஃப் ஆக்கிவிடும். பிடிஎஃபில் தமிழுக்குப் பதில் தட்டச்சு எழுத்து போன்ற ஆங்கிலம் வந்தால் எழுத்துரு சேரவில்லை. பிரிண்டர் பண்புகளில் எப்போதும் ட்ரூடைப் எழுத்துருவையே பயன்படுத்தும் தேர்வை வைத்து மறுபடி அச்சிடுங்கள்.

இந்தப் பிடிஎஃபை அழிக்காதீர்கள். யூனிகோடுக்கு மாற்றிய உரையில் புள்ளி வட்டத்தோடு ஒற்றைக் கொம்பு தனியாக நிற்கும் இடங்கள் வரும். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பை முதலில் தட்டி, மெய்யைப் பிறகு தட்டுவோம்; யூனிகோடில் மெய்தான் முதலில். இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளியோ வரி முறிவோ விழுந்திருந்தால் மாற்றியால் அவற்றைச் சேர்க்க முடியாது. அப்பா 1999-இல் செய்த ஒரு பத்திரிகையில் ‘செல்வன்’ என்ற சொல் அப்படி உடைந்து வந்தது. பிடிஎஃபைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, புள்ளி வட்டத்தைத் தேடித் தேடி, ஒவ்வொரு பெயரையும் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு கோப்புறைக்கு ஒரு மாலை ஆகிறது.